உடல் செல்லாத அவை

அவைக்குச் செல்வது என்றால் முதலில் வழிநடை. புலவரும் பாணரும் புரவலர் வாயிலை நாடிக் காடும் மலையும் கடந்து நடந்ததைச் சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்னும் ஓர் இலக்கிய வகை தமிழில் தோன்றிற்று. இருபதாம் நூற்றாண்டில், பேராக் மாநிலத்துச் சித்தியவான் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்து வந்த தமிழாசிரியர்க்கும் அவை என்பது வழிநடையாகவே இருந்தது. லூமுட் துறைமுகத்துக்கு அணித்தாக, இருப்புப்பாதை எட்டாத இடத்தில் அமைந்த ஊர் சித்தியவான். ஈப்போவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். ஆசிரியர் மாநாடு, ஆய்வுக் கருத்தரங்கு, பயிலரங்கு என எதுவாயினும் பெரும்பாலும் இவ்விரு நகரங்களில் ஒன்றில்தான் நடக்கும். பேருந்துக் கட்டணம், தங்குமிடம், விடுப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தவரே அவை சேர்ந்தார். வாய்க்காதவர் மறுநாள் நாளிதழில் செய்தியைப் படித்தார்.

ஊரின் வரலாற்றைச் சிறிது நோக்கினால் இத்தொலைவின் பொருள் விளங்கும். 1903ஆம் ஆண்டில் மெதடிஸ்டுத் திருச்சபையார் சீனத்துப் பூச்சௌ வட்டாரத்துக் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்குக் குடியேற்றினர். நெல் விளைக்க வந்தவர்கள் விரைவில் ரப்பருக்கு மாறினர். சுற்றுப்புறத்துப் பெருந்தோட்டங்களில் பால் வெட்டத் தமிழர் வந்தனர். பூச்சௌ மக்கள் ஓர் ஊராக வந்து ஓர் ஊராகவே அமர்ந்தார்கள். தமிழரோ தோட்டந்தோறும் பிரிந்து லயங்களில் வாழ்ந்தார்கள். தமிழ்ப்பள்ளியும் அவ்வாறே சிதறிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. சட்டத்தை நிறைவேற்ற ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் போதும் எனத் தோட்ட நிருவாகங்கள் பல கருதின. ஒரு கூரையின் கீழ்ப் பல வகுப்பு. அவற்றுக்கு ஒரே ஆசிரியர். சித்தியவான் நகரத்து மகா கணேச வித்தியாசாலை போன்ற பள்ளியில் இருந்தவர்க்கு உடன் பேச ஆசிரியர் சிலரேனும் இருந்தனர். தோட்டத்து ஆசிரியர்க்கோ ஓர் ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. அவர்க்கு இருந்த குறை அறிவுக் குறை அன்று. உசாத்துணை இல்லாக் குறை.

இக்குறையை வானொலி தீர்க்கவில்லை. வானொலியில் அறிஞர் உரை வந்தது, கேட்கவும் முடிந்தது. ஆனால் கேட்பவர் இன்னார் என்பது பேசுபவர்க்குத் தெரியாது. கேள்வி கேட்க வழியில்லை. அவையில் இருத்தல் வேறு, அவையின் ஒலியைக் கேட்டல் வேறு. திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை (72, 73) அவைக்கே ஒதுக்கியிருக்கிறது. பேசுபவன் தன் முன் இருப்போர் யார் என அறிய வேண்டும் என்பதும், அவர்தம் கண்முன் நாநடுங்காமல் நிற்க வேண்டும் என்பதும் இருவர் ஒருவரை ஒருவர் காணும் இடத்தில்தான் பொருள்படும்.

அவையின் உயிர் மேடையில் மட்டும் இல்லை என்பதற்குத் தமிழ் ஆய்வின் வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழ் ஆய்வாளர்களைத் தனிநாயக அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் தனியே கூட்டினர். அந்தக் கூட்டத்தில்தான் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. மாநாட்டு நிகழ்ச்சி நிரல் பெற்றெடுத்த பிள்ளை அன்று அது. மாநாட்டின் ஓரத்தில் பிறந்த பிள்ளை. இரண்டே ஆண்டில், 1966 ஏப்பிரல் திங்களில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிற்று. அப்போது தனிநாயக அடிகள் அங்கு இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். புதுதில்லியில் அன்று வாராதிருந்த அறிஞர் ஒருவர் அம்மாநாட்டுக் கட்டுரைகள் அனைத்தையும் பின்னர் அச்சில் படித்திருக்கலாம். மன்றம் தோன்றிய அறையில் அவர்க்கு இருக்கை இல்லை. தொலைவில் உள்ள ஆசிரியர் இழப்பது உரையை அன்று, அந்த ஓரத்தை.

உடல் செல்லாமல் அவை சேர முடியுமா என்ற கேள்வி கணிப்பொறிக்கு மிக முந்தியது. 1916ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தார் ஒரு புதுமை செய்தனர். நியூயார்க்கு, பாசுடன், சிகாகோ, சான்பிரான்சிசுகோ உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஏறத்தாழ 5,000 பொறியாளர் தத்தம் ஊர் மண்டபத்தில் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு தொலைபேசிக் குழலைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரே கூட்டமாகக் கூடினர். கழகத் தலைவர் ஜான் கார்ட்டி நியூயார்க்கிலிருந்து தலைமை தாங்கினார். ஊர் ஊராகப் பெயர் அழைக்கப்பட்டு விடையும் பெறப்பட்டது. ஒரு நாட்டின் இரு கடற்கரையிலும் இருந்தவர்கள் ஒரே தலைமையின் கீழ் ஒரே பொழுதில் கூடியது வியப்புக்குரியதே. ஆயினும் சிகாகோக்காரர் ஒருவர் பாசுடன்காரர் ஒருவரை ஒதுக்கி அழைத்துப் பேச அதில் இடமில்லை. மேடை கிடைத்தது, ஓரம் கிடைக்கவில்லை. பிற்காலத்து முயற்சிகள் பலவும் இந்த எல்லையிலேயே நின்றன.

ஓரத்தைத் தேடிக் கண்டவர்கள் விளையாட்டுக்காரர்கள் என்பது வரலாற்றின் வேடிக்கை. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்சா, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் இருவர் பலர் ஒருங்கே புகுந்து ஆடும் கணினி விளையாட்டு ஒன்றை அமைத்தனர். அதில் படம் இல்லை. முழுவதும் எழுத்து. ஓர் அறைக்குள் நுழைந்தால் அறையின் வருணனை திரையில் எழுத்தாக வரும். அங்கு வேறு யார் நிற்கிறார் என்பதும் வரும். ஒருவர் தட்டச்சிட்ட சொல்லை அதே அறையில் உள்ளவர் மட்டும் காண்பார். அடுத்த அறைக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சு கேட்காது. இந்தச் சிறு விதியில்தான் எல்லாம் அடங்கிற்று. ஒதுங்கிப் பேச முடிந்தது. 1990ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் செராக்சு ஆய்வகத்தைச் சேர்ந்த பேவல் கர்ட்டிசு, லாம்டாமூ என்னும் எழுத்துலகைத் தம் சொந்த வீட்டின் வடிவிலேயே அமைத்தார். புதிதாக வரும் விருந்தினர் மேலங்கி மாட்டும் அலமாரிக்குள் முதலில் தோன்றி, கதவைத் திறந்து கூடத்துக்கு வர வேண்டும்.

இதைத் தொழில்முறை அவையாக மாற்றிய பெருமை ஏமி புரூக்குமனைச் சாரும். மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மாணவியாக இருந்த அவர், 1993 சனவரியில் மீடியாமூ என்னும் எழுத்துலகைத் திறந்தார். யாரும் புகக்கூடிய சந்தை அன்று அது. ஊடக ஆய்வில் ஈடுபட்டவர் விண்ணப்பித்தே உறுப்பினராக முடியும். ஆண்டுக்கு ஒருமுறை மாநாட்டில் சந்தித்துப் பிரியும் ஆய்வாளர்கள் அந்தத் தேநீர் இடைவேளையை ஆண்டு முழுவதும் நீட்டித்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அங்கு மிக நன்றாக நடந்தது ஆசிரியர் கூட்டந்தான். கணினியின் துணைகொண்டு எழுத்துப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் கூடி ஒரு பொருளை எடுத்து உரையாடினர். செவ்வாய்ச் சிற்றுண்டிச்சாலை என்று பெயரும் இட்டுக்கொண்டனர். ஒரே கிழமை, ஒரே பொழுது, ஒரே அறை, வாயிலில் வரவேற்க ஒருவர். திண்ணைப் பேச்சின் இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது.

ஆசிரியர்க்கென்றே எழுந்த உலகம் டாப்டு இன். 1997ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் எசு.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் அதைத் தொடங்கிற்று. வகுப்பறைக் கதவை மூடிவிட்டால் ஆசிரியர் தனியர், அவர்க்குப் பயிற்சி வகுப்பைக் காட்டிலும் உடன் தொழில் செய்வோரின் கூட்டே தேவை என்பது அதை அமைத்தோர் கருத்து. தோட்டப் பள்ளிகளை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் பேராக்கின் தோட்டத்து ஆசிரியரை நேரில் கண்டு எழுதியதுபோல் அக்கருத்து அமைந்திருக்கிறது. மாநாட்டு மண்டபம் போன்ற ஒரு கட்டடத்தை அவர்கள் எழுத்தால் எழுப்பினர். நுழைந்தவுடன் வரவேற்பறை; அங்கே தொண்டர் ஒருவர் புதியவரைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கே எது நடக்கிறது என வழிகாட்டுவார். ஆசிரியர் தமக்கென ஓர் அறையும் பெறலாம். பள்ளி விட்ட பின் கூடும் உரையாடல்கள் கிழமைதோறும் நடந்தன.

பள்ளி விட்ட பின் என்னும் தொடரை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் மாலை நான்கு மணி என்றால் மலேசியாவில் மறுநாட் காலை ஏழு அல்லது எட்டு. அங்கு ஆசிரியர் பள்ளி முடிந்து உரையாட அமரும் வேளையில் சித்தியவானில் முதல் மணி அடித்து மாணவர் வரிசையில் நிற்கின்றனர். தொலைவை வென்ற கருவி பொழுதை வெல்லவில்லை. ஓர் அவை எந்த ஊரின் கடிகாரத்தைப் பார்த்துக் கூடுகிறதோ அந்த ஊருக்கே அது உரியது என்பதைப் பயணச் செலவுக் கணக்குப் போடுவோர் மறந்துவிடுவர்.

எழுத்தும் அவ்வாறே. அந்த எழுத்துலகங்கள் உரோமன் எழுத்தை மட்டுமே அறிந்தவை. தமிழாசிரியர் ஒருவர் உள்ளே புகுந்தாலும் ஆங்கிலத்தில் பேச வேண்டும், அல்லது தமிழை உரோமன் எழுத்தில் எழுதிப் பிறர் பொறுமையைச் சோதிக்க வேண்டும். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்கு இதைவிடத் துன்பம் யாது? அக்காலத்தில் கணிப்பொறியில் தமிழே தனக்குள் ஒன்றுபடவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கூடிய தமிழ்நெட் மாநாடும், 1999இல் சென்னையில் நடந்த மாநாடும், 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தவை. தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கான அவைகளுக்குக்கூட அறிஞர்கள் வானூர்தி ஏறித்தான் செல்ல வேண்டியிருந்தது!

தமிழ் எழுத்துக்குக் கதவு திறப்பதற்குள் உலகங்கள் எழுத்தைவிட்டுப் படத்துக்கு மாறிவிட்டன. படவுலகின் தொடக்கம் 1980களின் நடுவில் லூக்காசுபிலிம் நிறுவனம் உருவாக்கிய ஹேபிடட் என்னும் விளையாட்டு. அதில் ஆடுபவரைக் குறித்துத் திரையில் நடமாடும் உருவத்துக்குச் சிப் மார்னிங்சுடார் அவதாரம் என்னும் இந்தியச் சொல்லையே பெயராக இட்டார். மேலிருந்து இறங்கி வருதல் என்பது அச்சொல்லின் பொருள். இறைவன் உலகுக்கு இறங்குவதைச் சொல்லிவந்த சொல், மனிதன் திரைக்குள் இறங்குவதைச் சொல்லப் பயன்பட்டது. தமிழ் மரபை அறிந்தவர் இதற்கு வேறோர் ஒப்புமை காட்டுவர். பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துபட, அவனைச் சூழ்ந்து வருந்திய பசுக்களின் துயர் தீர்க்கச் சித்தர் தம் உடலைவிட்டு அவன் உடலில் புகுந்தார். கூடு விட்டுக் கூடு பாய்தல் எனச் சொல்லத் தகுவது இதுவே. ஆனால் சித்தர் திரும்பிவந்தபோது விட்டுச்சென்ற உடல் அங்கு இல்லை. திரைக்குள் இறங்கும் ஆசிரியரின் உடலோ நாற்காலியிலேயே இருக்கிறது, பசியும் எடுக்கிறது, வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பாதி பாய்ந்த நிலை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

மெய்நிகர் என்று இன்று வழங்கும் சொல்லாக்கமும் இங்கு எண்ணத்தக்கது. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடலுமாம். உண்மையை ஒத்தது, உடலை ஒத்தது என இரு பொருளும் தரும் சொல்லை ஆக்கியவர் நினைத்துச் செய்தாரோ நினையாது செய்தாரோ, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுட்பம் தமிழில் வாய்த்துவிட்டது. 2001ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இதே அடைமொழியைப் பெற்றிருந்தும் தமிழில் இணையப் பல்கலைக்கழகம் என்றே பெயர்பெற்றது. மலேசியத் தமிழரோ வலைவழி நடப்பதை இயங்கலை என்கின்றனர். பெயர்கள் வேறு, பொருள்களும் வேறு. இணையவழி நடக்கும் எல்லாம் மெய்நிகர் உலகம் ஆகா. பாடங்களை அடுக்கிவைத்த அலமாரியும் இணையத்தில் இருக்கலாம். அதில் ஒருவரை ஒருவர் சந்திக்க முடியாது. நிற்க ஓர் இடமும், நிற்பவர்க்கு ஓர் உருவும், உருவுக்கும் உருவுக்கும் இடையே தொலைவும் இருந்தால்தான் அது உலகம்.

அவ்வகை உலகங்களில் மிகப் புகழ்பெற்றது 2003ஆம் ஆண்டில் லிண்டன் ஆய்வகம் திறந்த செகண்டு லைப். 2006, 2007ஆம் ஆண்டுகளில் அதைப் பற்றிப் பேசாத செய்தித்தாள் இல்லை. ராய்ட்டர்சு செய்தி நிறுவனம் அங்கு ஒரு நிருபரை அமர்த்திற்று. மாலத்தீவும் அதனையடுத்துச் சுவீடனும் 2007இல் அங்குத் தூதரகம் திறந்தன. கல்வியாளர்கள் 2007 முதல் அவ்வுலகிலேயே மாநாடு கூட்டி, மெய்நிகர் உலகில் கற்பிக்கும் முறைகளை அங்கேயே அவதார உருவில் அமர்ந்து ஆராய்ந்தனர். அதே ஆண்டில் குரல்வழிப் பேச்சும் அங்கு வந்தது. குரல் வந்த அன்றே தமிழுக்கும் வழி பிறந்தது என்று சொல்லலாம். எழுத்துரு வேண்டாம், குறியேடு வேண்டாம், வாய் திறந்து பேசினால் போதும்.

பெயரில் மட்டும் ஒரு தடை நின்றது. 2010 வரையில் அவ்வுலகில் புகுவோர் முதற்பெயரைத் தாமே இட்டுக்கொள்ளலாம். குடும்பப் பெயரை நிறுவனம் தரும் பட்டியலிலிருந்துதான் பொறுக்க வேண்டும். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்று பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். மலேசிய அடையாள அட்டையில் இன்னார் மகன், இன்னார் மகள் என்று மலாய்மொழிச் சுருக்கத்தால் எழுதுவர். ஆக, தமிழாசிரியர் அங்கு அவையேற விரும்பினால் அயல்மொழிக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துப் போக வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டின் இறுதியில்தான் பிறமொழி எழுத்திலும் பெயர் காட்டிக்கொள்ளும் வசதி வந்தது.

இடவசதியும் எல்லையற்றதன்று. மதுரைச் சங்கப் பலகை தகுதியுடையார் வரும்போதெல்லாம் நீண்டு இடங்கொடுத்தது எனத் திருவிளையாடல் மரபு சொல்லும். செகண்டு லைப்பின் ஒரு நிலப்பகுதியோ ஏறத்தாழ நூறு அவதாரங்களைத் தாங்கும். மேலும் வந்தால் கதவடைக்கும். அதற்கு முன்பே உருவங்கள் தள்ளாடத் தொடங்கும். பெருங்கூட்டம் நடத்த விரும்பியவர்கள் நான்கு நிலப்பகுதிகள் கூடும் மூலையில் மேடை அமைத்து, நான்கு புறமும் அவையை அமர்த்தினர். நாற்சந்தியில் மேடை போடும் ஊர்வழக்கமே அங்கும் கைகொடுத்தது.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பேரவை அவ்வுலகில் ஒரு மாநாடு நடத்திற்று. இருநூறு பேர் வரை கலந்துகொண்டனர். ஏறத்தாழ 80,000 டாலர் செலவில் நடந்த அம்மாநாட்டால் 320,000 டாலர் மிச்சமாயிற்று என அவர்கள் கணக்குக் காட்டினர். உரைகளைவிட இடைவேளைகளில் நடந்த தற்செயலான சந்திப்புகளையே பலர் வியந்தனர். இக்கணக்கு மெய்யானதே. ஆனால் அது ஏற்கெனவே வானூர்திச் சீட்டு வாங்கக்கூடியவரின் கணக்கு. எந்நாளும் அழைக்கப்படாத ஓர் ஆசிரியர்க்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. முன்பு இல்லாத ஓர் இருக்கை கிடைப்பதுதான் அவர்க்கு ஆதாயம். அந்த இருக்கைக்கும் விலை இருந்தது. அவ்வுலகில் நடமாட ஆற்றல்மிக்க கணிப்பொறியும் விரைவான இணைப்பும் தேவை. தோட்டப்புறங்களில் அவை எளிதில் கிட்டுவன அல்ல. பேருந்துக் கட்டணம் போய்க் கணிப்பொறி விலை வந்தது.

பின்னர்ப் புகழ் மங்கிற்று. செகண்டு லைப் அழியவில்லை. செய்தித்தாள்கள் அதை மறந்தன. அவைகள் மீண்டும் மண்டபங்களுக்கே திரும்பின. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் மாநாடு 1987இலும் 2015இலும் கோலாலம்பூரில் கூடியபோதும் செல்ல விரும்பியவர் நேரிலேயே செல்ல வேண்டியிருந்தது.

2020 மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடின. ஒரே நாளில் ஈப்போக்காரர்க்கும் கோலாலம்பூர்க்காரர்க்கும் சித்தியவான்காரர்க்கும் அவையின் தொலைவு ஒன்றாயிற்று. எல்லார்க்கும் எட்டாததாயிற்று என்றாலும் சரி, எல்லார்க்கும் கைப்பேசித் தொலைவுக்கு வந்தது என்றாலும் சரி. தமிழ் இணைய மாநாடு அவ்வாண்டு இறுதியில் முழுவதும் இயங்கலையிலேயே நடந்தது. பயிலரங்குகளும் பாராட்டு விழாக்களும் திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கட்டிய முகங்களாக நடந்தன. அந்தக் கட்டங்களில் இருந்தோர் ஒன்றை விரைவில் உணர்ந்தனர். தலைவர் நன்றி கூறிப் பொத்தானை அழுத்தியதும் அவை மறைந்துவிடுகிறது. எழுந்து நின்று, நாற்காலி நகர்த்தி, நீங்கள் எந்தப் பள்ளி என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் அந்த ஐந்து நிமிடம் இல்லை. 1916ஆம் ஆண்டின் தொலைபேசிக் கூட்டத்துக்கு முகம் வைத்தது போலாயிற்று.

இக்குறையை உணர்ந்தவர்கள் பழைய எழுத்துலகின் விதியை மீண்டும் கையில் எடுத்தனர். 2020இல் தோன்றிய கேதர் என்னும் தளத்தில் ஒரு மண்டபத்தின் வரைபடம் மேலிருந்து பார்ப்பதுபோல் தெரியும். ஒவ்வொருவரும் அதில் ஒரு சிற்றுருவம். ஒருவர் அருகே சென்றால் அவர் முகமும் குரலும் வரும். விலகினால் தேய்ந்து மறையும். ஓரமாக இருவர் நின்று பேசலாம். கனமான கணிப்பொறியும் வேண்டியதில்லை. அவ்வாண்டு மார்ச்சில் அட்லாண்டாவில் கூடவிருந்த மெய்நிகர்மை ஆய்வாளரின் ஐ.இ.இ.இ. மாநாடும் நோயச்சத்தால் தன் ஆய்வுப் பொருளுக்குள்ளேயே குடிபுக நேர்ந்தது. மொசில்லா நிறுவனத்தின் ஹப்சு என்னும் உலகில் அவதார உருவில் அறிஞர்கள் சந்தித்தனர். மருத்துவர் தம் மருந்தைத் தாமே உண்டு பார்த்ததற்கு ஒப்பாகும் இது.

தமிழ்நாட்டில் இவ்வகை அவை ஊரறிய நிகழ்ந்தது ஆய்வரங்கில் அன்று, மணவரவேற்பில். 2022 பிப்ரவரியில் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திருமணம் செய்துகொண்ட மணமக்கள், நோய்க்காலக் கட்டுப்பாட்டால் விருந்தினரை அழைக்க இயலாமல், வரவேற்பை மெய்நிகர் உலகில் வைத்தனர். மறைந்துபோன மணமகளின் தந்தையும் அங்கு அவதார உருவில் நின்று வாழ்த்தினார் என்பதே அந்நிகழ்ச்சியை உலகச் செய்தியாக்கிற்று. உயிரோடிருப்பவர் வாராமல் வருவதற்கென அமைந்த அவை, வர இயலாத இடத்துக்குப் போய்விட்டவர்க்கும் ஓர் இருக்கை போட்டது. இது ஆறுதலா, அச்சமூட்டுவதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆய்வவைக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. திரையில் நிற்கும் உருவத்துக்குப் பின்னே ஆள் இருக்கிறாரா என்பதை உருவம் சொல்லாது. அவையறிதல் என்னும் அதிகாரத்துக்கு இதனால் புதிய உரை தேவைப்படுகிறது.

கட்டுப்பாடு நீங்கியதும் மண்டபங்கள் திறந்தன. 2023 சூலையில் பதினோராவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதல் மாநாடு நடந்த மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே கூடிற்று. இடைப்பட்ட காலத்து மெய்நிகர் மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் ஆல்ட்ஸ்பேசு 2023 மார்ச்சில் மூடிற்று. ஆய்வாளர் கூடிய ஹப்சு உலகை மொசில்லா 2024 மே இறுதியில் நிறுத்திற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 2013இல், ஆசிரியர்களின் டாப்டு இன் மறைந்துவிட்டது.

தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கொள்ள இரு சங்கங்கள் அழிந்தன என இறையனார் களவியல் உரை கூறுகிறது. அதை வரலாறாகக் கொள்வாரும் கொள்ளாதாரும் உளர். அவை இருந்த இடம் போய்விட்டால் அங்கு அரங்கேறியதும் பெரும்பாலும் போய்விடும் என்ற அச்சம் மட்டும் அக்கதையில் மெய்யானது. கடல்கொண்ட இடத்தில் ஓர் ஓடேனும் கரையொதுங்கலாம். நிறுத்திவிட்ட கணிப்பொறிக்குள் இருந்த மண்டபத்தின் ஒரு செங்கல்லும் ஒதுங்காது. 1966ஆம் ஆண்டு மாநாட்டுக்குச் செல்ல இயலாத சித்தியவான் ஆசிரியரின் பேரப்பிள்ளை அம்மாநாட்டுக் கட்டுரைகளை இரண்டு தொகுதிகளாக இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். 2020இல் அவரே உடனிருந்து பேசிய கூட்டங்களில் எத்தனைக்கு எழுத்தாவணம் இருக்கிறது? பதிவு செய்த ஒளிப்படத்தின் இணைப்பு ஒரு புலனக் குழுவில் வந்திருக்கும். அக்குழுவின் பழஞ்செய்திகளோடு அதுவும் புதைந்திருக்கும். தொலைவிலுள்ள ஆசிரியர் அவைக்குள் வந்த காலத்தில் அவைக்குறிப்பு எழுதும் வழக்கம் வெளியே போய்விடுமாயின் அவர் வந்ததற்கே சான்று இராது.

டாப்டு இன் மண்டபத்தை அமைத்தவர்கள் இதில் முன்னறிவு உடையவர்களாக இருந்தனர். அங்கு உரையாடிவிட்டு வெளியேறும் ஒவ்வொருவர்க்கும், தாம் இருந்தவரையில் அந்த அறையில் யார் யார் வந்தனர், என்னென்ன பேசினர் என்பதன் எழுத்துப்படி மின்னஞ்சலில் தானே வந்து சேரும். யாரும் கேட்க வேண்டியதில்லை; செயலாளர் எழுத வேண்டியதில்லை. மண்டபம் மறைந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. உரியவர் அழிக்காதிருந்தால் அந்தப் படிகள் அவரவர் அஞ்சற்பெட்டியில் இன்னும் கிடக்கும்.